முகவரியில் ஹூஸ்டன், எல்லையில் இல்லை

ஐயா,

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரை ஒட்டி வீடு தேடும் நம்மவர்கள் பள்ளி, விலை, வேலைக்குப் போகிற தூரம் எல்லாவற்றையும் அலசிவிடுகிறார்கள். அந்த வீடு எந்த நிர்வாகத்தின் கீழ் வருகிறது என்பதை மட்டும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். பின்னால் வரும் சிக்கல்கள் பல அங்கேதான் தொடங்குகின்றன.

ஹூஸ்டனை ஒட்டிய சைப்ரஸ், ஸ்பிரிங் போன்றவை பெயரளவில்தான் ஊர்கள். நகராட்சியாக அமையாததால் 'அன்இன்கார்ப்பரேட்டட்' என்பார்கள். மேயரும் இல்லை, நகர மன்றமும் இல்லை. பொதுச் சாலைகளைக் கவுண்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகம், பார்த்துக்கொள்ளும். காவலுக்குக் கவுண்டியின் காவல் அதிகாரியான ஷெரிப் வருவார். முகவரியில் இருக்கும் ஊர்ப்பெயர் தபால்துறை தன் வசதிக்கு வைத்தது. நகர எல்லைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முகவரியில் 'ஹூஸ்டன்' என்று இருந்தும் ஹூஸ்டன் மேயர் தேர்தலில் சிலருக்கு ஓட்டு இல்லாதது இதனால்தான்.

தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. வரிக்காகச் சொத்தை மதிப்பிடும் கவுண்டியின் 'அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்' அலுவலக இணையதளத்தில் முகவரியைப் போட்டால், அந்த வீட்டுக்கு யார் யார் வரி விதிக்கிறார்கள் என்ற பட்டியல் வரும். அதில் நகரத்தின் பெயர் இல்லையென்றால் வீடு எல்லைக்கு வெளியே இருக்கிறது.

நகர வரி மிச்சம் என்று மகிழ்வதற்கு முன், அதே பட்டியலில் 'மட்' என்று ஏதும் இருக்கிறதா பாருங்கள். முனிசிபல் யுடிலிட்டி டிஸ்ட்ரிக்ட் என்பதன் சுருக்கம் அது. குடியிருப்புக்குக் குடிநீர், சாக்கடை, மழைநீர்க் குழாய்கள் போடக் கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டியிருப்பார்கள். அந்தக் கடன் வீட்டு வரியாக வசூலாகிறது. 100 டாலர் மதிப்புக்கு 1 டாலர் என்றால், 4,00,000 டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 4,000 டாலர். பள்ளி வரியும் கவுண்டி வரியும் இதற்கு மேல்தான். புதுக் குடியிருப்பில் வீதம் அதிகமாக இருக்கும். வீடுகள் பெருகிக் கடன் அடைய அடையக் குறையும். ஒப்பந்தத்துக்கு முன்பே விற்பவர் இதற்கென ஓர் அறிவிப்பைத் தர வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். காகிதக் கட்டோடு கட்டாக அதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வீதமும் கடன் தொகையும் அதில்தான் இருக்கின்றன.

பழைய மனைகளில் மட் இருக்காது, கிணறும் செப்டிக்கும்தான். கொல்லைப்புறப் புல்லில் வட்டமான மூடிகள் தெரிந்தால் நின்று விசாரியுங்கள். களிமண் நீரை உறிஞ்சாது என்பதால் அங்கே பெரும்பாலும் ஏரோபிக் செப்டிக் வைப்பார்கள்; காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களால் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டி அது. காற்றைச் செலுத்தும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் நுண்ணுயிர்கள் செத்து நாற்றம் கிளம்பும். சுத்திகரித்த நீர் புல்தரையில் தெளிக்கப்படும் முன் குளோரின் மாத்திரை போட்ட குழாய் வழியாகப் போகும். நீச்சல்குள மாத்திரையைக் கொண்டுவந்து இதில் போடுவது மிக ஆபத்து. அந்த மாத்திரையில் இருக்கும் ட்ரைகுளோர் என்ற ரசாயனம், ஈரமான மூடிய குழாய்க்குள் வெடிக்கக்கூடிய வாயுவை உண்டாக்கும். கழிவுநீருக்கு என்று லேபிளிட்ட கால்சியம் ஹைப்போகுளோரைட் மாத்திரைதான் வேண்டும். வாணலி எண்ணெயைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுத்துவிட வேண்டும். கிணறு செப்டிக் தொட்டியிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்க வேண்டும். தனியார் கிணற்று நீரை அரசு சோதிப்பதில்லை. கோலிஃபார்ம் என்ற பாக்டீரியா, நைட்ரேட் என்ற ரசாயனம் இரண்டுக்கும் ஆண்டுதோறும் நாமே சோதிக்க வேண்டும். மின்சாரம் போனால் கிணற்று மோட்டார் ஓடாது, குழாயில் தண்ணீரும் நின்றுவிடும்.

தீயணைப்பு நிலையம் 5 மைலுக்குள்ளும் ஹைட்ரன்ட் எனும் தீயணைப்பு நீர்க்குழாய் 1,000 அடிக்குள்ளும் இல்லாவிட்டால் காப்பீட்டுக் கட்டணம் ஏறலாம். வெள்ள வரைபடத்தோடு நிறுத்தாமல், மனை ஹூஸ்டனின் மேற்கே உள்ள ஆடிக்ஸ், பார்க்கர் அணைகளின் நீர்த்தேக்கப் பரப்புக்குள் வருகிறதா என்றும் கேளுங்கள். 2017 ஹார்வி புயலில் அணைகளுக்கு மேல்புறம் இருந்த குடியிருப்புகளுக்குள் தேங்கிய நீர் புகுந்தது.

வெளிநாட்டில் வீடு வாங்குவது பற்றித் தங்கள் நாளிதழில் எழுதும்போது, வரிப் பட்டியலையும் மட் அறிவிப்பையும் எப்படிப் பார்ப்பது என்று ஒரு பெட்டிச் செய்தி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்