பாய்லர் முள் இறங்குவது பற்றி

செங்கோட்டை,
ஞாயிறு காலை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மாசி பிறந்தும் புளியரைப் பக்கத்துக் காற்று விடியற்காலையில் காதை அடைக்கிறது. இங்கிலாந்தில், உங்கள் லீட்ஸில் வாசலெல்லாம் ஐஸ் உறைந்து கிடக்கிறது என்று நீ சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்குச் சரியான தூக்கம் இல்லை. குட்டிக்குக் கால் சில்லிட்டுப் போகுமே என்பதுதான் எந்நேரமும் பேச்சு.

போன வாரம் வீடியோவில் உங்கள் வீட்டு பாய்லரைக் காட்டினாய். தண்ணீரின் அழுத்தம் காட்டும் முள் 0.6-ல் நின்றது. "தண்ணி ஏத்திட்டேன்பா, 1.3-க்கு வந்துட்டு, இந்த மாசம் இது மூணாவது தடவை" என்று சாதாரணமாகச் சொன்னாய். எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை. போனில் பேசினால் குட்டி அழுவான், லைன் போகும், பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை இதைப் போட்டோ எடுத்து அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அறையைச் சூடாக்கும் உங்கள் ரேடியேட்டர்களின் தண்ணீர் மூடிய வட்டத்துக்குள் ஓடுவது. பாய்லரில் சூடாகி, ஒவ்வொரு ரேடியேட்டராகப் புகுந்து, ஆறி, பாய்லருக்கே திரும்பி வரும். குளிக்கிற தண்ணீர் வேறு வழி. ஆறியிருக்கும்போது முள் 1-க்கும் 1.5-க்கும் நடுவே நிற்க வேண்டும். ரேடியேட்டரில் காற்றைத் திறந்து விட்டிருந்தால் ஒரு தடவை இறங்கும், அதைக் கணக்கில் சேர்க்காதே. மாதத்தில் மூன்று தடவை என்றால் தண்ணீர் எங்கேயோ வெளியே போகிறது.

நீ ஏழாம் வகுப்பு படித்த வருஷம், நான் பாய்லர் பார்த்த மில் எட்டு நாள் நின்றதே, நினைவிருக்கிறதா? அதற்கு முன் பத்து நாளாக, பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் ஃபீடு பம்பு வழக்கத்தைவிட அதிகமாக ஓடியது. உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் கேஜ் கிளாஸில் மட்டம் நிற்கவே இல்லை. ஆரியங்காவிலிருந்து வேலைக்கு வந்த பையன், "சேட்டா, வெள்ளம் குறையுந்நு" என்று, தண்ணீர் குறைவதை மலையாளத்தில் ரெண்டு மூணு தடவை சொன்னான். நான் பம்பைத் திறந்து தண்ணீரை ஏற்றினேன். கேரளா லோடு போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார் முதலாளி. நானும் சரி என்றேன். ஒருநாள் விடியற்காலை 4 மணிக்கு அடுப்புக்குள் உஸ்ஸென்று சத்தம். கதவைத் திறந்தால் எரிகிற உமி பாதி அணைந்து, சாம்பலும் தண்ணீருமாகச் சேறாகிக் கிடக்கிறது. பாய்லர் டியூபு ஓட்டை. அறுத்து எடுத்துப் பார்த்தோம். தண்ணீர் படும் பக்கம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. வருஷக்கணக்கில் போர் தண்ணீரை அப்படியே ஏற்றியதன் பலன் அது. அந்தப் பையன் சொன்ன முதல் நாளே நெருப்பை இறக்கிப் பார்த்திருக்க வேண்டும். இன்றைக்கும் எனக்கு அந்த வருத்தம் உண்டு.

புதுத் தண்ணீரில் காற்று கரைந்திருக்கும் அம்மா. அந்தக் காற்றுதான் இரும்பைத் தின்னும். பல நாளாக உள்ளேயே சுற்றுகிற தண்ணீரில் அது இருக்காது, துரு பிடிக்காமல் இருக்க மருந்தும் கலந்திருப்பார்கள். நீ ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் மருந்து நீர்த்துப்போகிறது, புதுக் காற்று உள்ளே போகிறது. ரேடியேட்டர் உள்ளுக்குள்ளேயே அரித்து, கறுப்புச் சேறாகிப் பம்பில் போய் அடையும். இன்னொன்று, தண்ணீர் ஏற்றிய பின்பு, ஏற்றுவதற்கு மாட்டும் அந்தப் பின்னல் குழாயின் இரண்டு முனையையும் இறுக்க மூடினாயா என்று பார். கழற்றி வைப்பதுதான் அங்கே முறை.

முதலில் வீட்டுக்கு வெளியே போ. பாய்லர் இருக்கும் சுவரிலிருந்து ஒரு செப்புக் குழாய் வெளியே வந்து, வாய் சுவரைப் பார்த்தோ தரையைப் பார்த்தோ வளைந்திருக்கும். அது சேஃப்டி வால்வின் குழாய். உள்ளே அழுத்தம் 3 பாருக்கு (அந்த முள் காட்டும் அளவுதான் பார்) ஏறினால் அது திறந்து தண்ணீரை வெளியே விடும். ஒருதடவை திறந்தால் துளித் துரு போய் உட்கார்ந்துகொண்டு, அப்புறம் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருக்கலாம். அந்த வாயில் ஒரு பிளாஸ்டிக் பையை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி ஒரு ராத்திரி விடு. பக்கத்தில் வேறொரு பிளாஸ்டிக் குழாய் சொட்டலாம். அது புகை குளிர்ந்து வரும் தண்ணீர், அதைக் கண்டு பயப்படாதே.

பையில் தண்ணீர் இருந்தால், பாய்லர் சூடாகும்போது முள்ளைப் பார்த்துக்கொண்டே நில். 2-ஐத் தாண்டி 3-ஐ நோக்கி ஓடினால், உள்ளே இருக்கும் தட்டைத் தொட்டியில் காற்று போய்விட்டது என்று அர்த்தம். சூட்டில் தண்ணீர் விரியும், அதற்கு இடம் கொடுக்கத்தான் ரப்பருக்கு அந்தப் பக்கம் காற்று அடைத்து வைத்திருக்கிறார்கள். அதை ஆள் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

பை காய்ந்திருந்தால் ரேடியேட்டர்களைப் பார். காலையில், பாய்லர் போடுவதற்கு முன்பு பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் கசிகிற சொட்டு அங்கேயே காய்ந்துவிடும், கைக்குச் சிக்காது. டிஷ்யூ பேப்பரை முறுக்கி, வால்வு திருகும் தண்டுக்குக் கீழே உள்ள நட்டைச் சுற்றித் துடை, அப்புறம் குழாய் சேரும் இடத்தைத் துடை. ஒரு முனை நனைந்தாலும் போதும், அதுதான் இடம். செம்பில் பச்சைப் பூப்பு, வெள்ளைப் பொருக்கு, சுவரில் பழுப்புக் கோடு இவையும் அடையாளம். தண்டு நட்டு கசிந்தால் ஸ்பேனரால் கால் சுற்று இறுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். மாப்பிள்ளை கை பலமானது, பார்த்துச் செய்யச் சொல்.

எங்கேயும் ஈரம் இல்லையென்றால் பலகைத் தரைக்கு அடியில் ஓடும் குழாயாக இருக்கலாம். குட்டியின் அறையில் ஈரவாசம் அடிக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாயாமே, அங்கே நன்றாகப் பார். ஆள் வந்தால், பாய்லரை அணைத்து, ஆறவிட்டு, ரேடியேட்டருக்குப் போகும் வால்வையும் திரும்பி வரும் வால்வையும் மூடி வைத்துப் பார்க்கச் சொல். மூடிய பிறகும் முள் இறங்கினால் பாய்லருக்குள் கசிவு. இறங்காமல் நின்று, வால்வைத் திறந்ததும் விழுந்தால் குழாயிலோ ரேடியேட்டரிலோ கசிவு.

பாய்லர் மூடியை மட்டும் நீங்கள் இருவரும் கழற்ற வேண்டாம். அது கேஸ். அங்கே கேஸ் சேஃப் பதிவு உள்ளவர்தான் அதைத் தொடலாம் என்று சட்டம். வருகிறவரிடம் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார், அதில் கூச்சப்படாதே. கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பட்டனை அழுத்தி, கத்துகிறதா என்றும் பார். பாய்லருக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் முதலில் ஸ்விட்சை அணை.

பழைய டைரி ஏதாவது இருந்தால் அதில் ராத்திரி படுக்கும்போது முள் எவ்வளவு, காலையில் எவ்வளவு என்று ஒரு வாரம் எழுது. மில்லில் நான் மணிக்கொரு தடவை எழுதிய நோட்டு அம்மாவின் பீரோவில் இன்னும் இருக்கிறது. செவ்வாய் ராத்திரி பையைக் கட்டு, புதன் காலையில் போன் பண்ணு. எத்தனை மணியானாலும் பரவாயில்லை, விழித்திருப்பேன்.

உன் அப்பா