மேசையைத் தூக்குமுன் ஒருமுறை அடியில் குனிந்து பாருங்கள்

பழைய பில்லியர்ட்ஸ், பூல் மேசைகளை இன்னும் வைத்திருக்கும் கிளப்களின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் கூட்டக் குறிப்பேட்டில் "பயன்பாட்டில் இல்லாத பழைய மேசையை அப்புறப்படுத்துதல்" என்று ஒரு வரி ஏறியிருக்கலாம். இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் ஏறலாம். அறை வேறு எதற்கோ தேவைப்படுகிறது, மேசையில் யாரும் ஆடுவதில்லை, துணி கிழிந்திருக்கிறது, குஷனில் (மேசை ஓரத்து ரப்பர்ப் பட்டையில்) பட்ட பந்து தொப்பென்று நின்றுவிடுகிறது. எல்லாமே நியாயமான காரணங்கள்தான். பழைய மேசைகளைத் தேடிப் போய்ப் பார்ப்பதும், முடிந்தால் வாங்கிச் சரிசெய்து ஆடுவதும் எனக்குப் பல வருடப் பைத்தியம். அந்தப் பைத்தியத்தின் உரிமையில் ஒன்றே ஒன்று கேட்கிறேன். விற்பதாக இருந்தாலும் சும்மா கொடுப்பதாக இருந்தாலும், மேசையை முழுசாகக் கொடுங்கள். துணிக்கு அடியில் இருக்கும் கல் ஒருவருக்கு, கால் ஒருவருக்கு, மரச் சட்டம் விறகுக்கு என்று பிரித்துவிடாதீர்கள்.

இப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கிளப்பிலிருந்து தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. நாலு பேர் காலையிலேயே கடப்பாரையோடு வந்து வேலையை ஆரம்பித்திருந்தார்கள். பன்னிரண்டு அடி மேசை. குஷன் சட்டத்தின் வெளிப்பக்கம் வரிசையாக இருந்த வட்டமான பித்தளை மூடிகளை அவர்கள் அலங்காரம் என்று நினைத்துவிட்டார்கள். மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே போல்ட்டின் தலை தெரியும். அந்த போல்ட் மரத்தைத் தாண்டி நேராகக் கல்லின் பக்கவாட்டுக்குள் போகிறது. அதைக் கழற்றாமல் நெம்பியதில் சட்டம் வந்தது, கூடவே கல்லின் விளிம்பும் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வந்தது. ஐந்து கற்களில் இரண்டு அப்படிப் போயின. மூன்றாவதைப் படுக்கைவாட்டில் தூக்கினார்கள். நட்டநடுவில் விரிசல். "கல்லுதானே சார், வேற போட்டுக்கலாம்" என்றார் அதில் ஒருவர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அது என்ன கல், எப்படிப் பொருத்தியிருக்கிறது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை.

ஆரம்பத்தில் இந்த மேசைகளின் தளமும் மரப்பலகைதான். எவ்வளவு நல்ல மரமானாலும் மழைக்காலத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும், வருடம் போகப் போக வளையும். லண்டனில் நாற்காலி, மேசை செய்து தொழில் தொடங்கிய ஜான் தர்ஸ்டன் 1826-இல் ஸ்லேட் கல்லைப் போட்டுப் பார்த்தார். ஸ்லேட் அடுக்கடுக்காகப் பிளக்கும் கல். தட்டையாக எடுத்துத் தேய்த்து மட்டப்படுத்திவிட்டால் ஈரத்துக்கும் அசையாது, வெயிலுக்கும் அசையாது. பந்து நேராக ஓடுவதற்கு அதைவிட நல்ல பொருள் இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. போட்டிகளுக்காகப் புதிதாகச் செய்யும் மேசைகளிலும் அதே கல்தான்.

முழு அளவு ஆங்கில மேசையில் ஐந்து கற்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 150 கிலோவுக்கு மேல் நிற்கும். மொத்த மேசை ஒன்றரை டன்னைத் தொட்டுவிடும், அதனால்தான் எட்டுக் கால். ஒன்பது அடி அமெரிக்க பூல் மேசையில் பெரும்பாலும் மூன்று கற்கள், கனமும் குறைவு. எந்த மேசையானாலும் அந்தக் கற்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தும்படி செய்யப்பட்டவை. பக்கத்துக் கல்லோடு சேரும் விளிம்பில் சிறிய பித்தளை முளைகள் இருக்கும், எதிர்க் கல்லில் அதற்கான குழி இருக்கும். இணைப்பில் பிளாஸ்டர் பூசி வழித்துவிட்டால் கை வைத்துத் தடவினாலும் கோடு தெரியாது. ஒரு கல் உடைந்தால் அதே கனத்தில், அதே இடத்தில் முளை வைத்த இன்னொரு கல்லை எங்கே போய்த் தேடுவது? அதே வகை மேசை வேறெங்காவது உடைந்து, அதில் நமக்கு வேண்டிய கல் மட்டும் தப்பித்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருவன்.

குஷன் ரப்பர் கதை வேறு. கல் வந்த காலத்திலும் ஓரங்களில் துணிக் கிழிசலையும் குதிரை முடியையும் அடைத்துத்தான் வைத்திருந்தார்கள். தர்ஸ்டன் கடை 1835-இல் ரப்பருக்கு மாறியது. ஆனால் குளிர் வந்தால் அந்த ரப்பர் கட்டை மாதிரி ஆகிவிடும். ஆட்டத்துக்கு முன்னால் வெந்நீர்ப் பாத்திரம் வைத்துச் சூடு காட்டி ஆடியிருக்கிறார்கள்! கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் 1840-களில் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. உங்கள் மேசையில் பந்து தொப்பென்று நிற்பதற்கும் ரப்பர்தான் காரணம், பல பத்தாண்டுகளில் இறுகிப் போயிருக்கும். அதை மாற்றிவிடலாம். துணியும் அப்படித்தான். இரண்டையும் அந்தக் காலத்திலேயே தேயத் தேய மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். "துணி போச்சு, ரப்பர் போச்சு, அதனால் மேசையே போச்சு" என்று கமிட்டியில் யாராவது சொன்னால், டயர் தேய்ந்ததற்காகக் காரை எடைக்குப் போடுவீர்களா என்று கேளுங்கள்.

இனி தலைப்பில் சொன்ன விஷயம். ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய்ப் படுங்கள். சட்டை அழுக்காகும், பரவாயில்லை. கல்லின் அடிப்பக்கத்திலும் தாங்கு சட்டத்திலும் காலின் உச்சியிலும் எண்கள் செதுக்கியிருக்கலாம். சிலவற்றில் ரோமன் எண். எந்தக் கால் எந்த மூலைக்கு, எந்தக் கல் எத்தனையாவது என்று செய்தவர்கள் போட்ட கணக்கு அது. அந்த எண்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் அது இடையில் கலப்படம் ஆகாத மேசை. சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். செதுக்கு வேலையும் பளபளப்பும் அப்புறம்.

எண்களைவிட எனக்குப் பிடித்தது பென்சில் எழுத்து. துணி மாற்ற வருகிற ஃபிட்டர்கள் வேலை முடிந்ததும் கல்லிலோ சட்டத்தின் உட்புறத்திலோ தேதியும் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போவது ஒரு வழக்கம். நான் கழற்றிய ஒரு குஷன் சட்டத்தின் பின்னால் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு தேதிகள் இருந்தன. ஏழும் ஏழு கையெழுத்து. இரண்டு தேதிகளுக்கு நடுவில் மட்டும் நீண்ட இடைவெளி. அந்த வருடங்களில் அங்கே ஆட ஆள் இல்லையா, துணி வாங்கக் காசு இல்லையா, தெரியவில்லை. அந்தச் சட்டத்தைச் சுத்தம் செய்யும்போது காகிதம் ஒட்டி மறைத்து, எழுத்துகளை அப்படியே விட்டுவிட்டேன்.

அப்புறம் பெயர்ப்பலகை. சட்டத்தின் ஒரு முனையில் விரல் நீளத்துக்குப் பித்தளைத் தகடோ எலும்பு, தந்தத் தகடோ பதித்திருக்கும். தர்ஸ்டன், பரோஸ் அண்ட் வாட்ஸ், ரைலி மாதிரி ஏதாவது பெயர், கூடவே ஊர். அமெரிக்க மேசை என்றால் பிரன்ஸ்விக்காக இருக்க நல்ல வாய்ப்பு. சுவிட்சர்லாந்திலிருந்து போய்க் குடியேறிய ஜான் மோசஸ் பிரன்ஸ்விக் 1845-இல் சின்சினாட்டியில் தொடங்கிய பட்டறை அது. தகட்டில் பிரன்ஸ்விக்-பால்க்-காலெண்டர் என்று மூன்று பெயரும் சேர்ந்து இருந்தால், மூன்று பட்டறைகளும் இணைந்த 1884-க்கு முந்தையதாக அது இருக்க முடியாது. கம்பெனி பெயரைச் சுருக்கிக்கொண்ட 1960-க்குப் பிந்தையதாகவும் பெரும்பாலும் இருக்காது. ஒரு சின்னத் தகடு இவ்வளவு சொல்கிறது. அதைத்தான் பலரும் ஞாபகார்த்தமாக முதலில் நெம்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். முந்தைய நிர்வாகி யாராவது அப்படிச் செய்திருந்தால் வீட்டுக்குப் போய்க் கேட்டு வாங்கி வையுங்கள்.

பழைய அமெரிக்க மேசைகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பலவும் பாக்கெட்டே (பந்து விழும் குழியே) இல்லாமல், பந்தால் மற்ற பந்துகளைத் தட்டி ஆடும் கேரம் பில்லியர்ட்ஸ் ஆட்டத்துக்காகச் செய்தவை. பூல் ஆட்டம் பரவிய பிறகு மூலைகளை அறுத்துப் பாக்கெட் வைத்தார்கள். மூலையில் மரத்தில் பதித்த அலங்கார வேலை பாதியிலேயே நின்றுபோயிருந்தால் சந்தேகப்படலாம். சில சேகரிப்பாளர்கள் இந்த மாதிரி மேசைகளைத் தொட மாட்டார்கள். எனக்கு அது அதிகப்படியாகத் தோன்றுகிறது. நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் ஆடுவதற்காக மாற்றியதும் அந்த மேசையின் வரலாறுதானே. ஆடாமல் பூட்டி வைத்திருக்கும் மேசையைவிட மூலை அறுபட்டு ஆட்டத்தில் இருக்கும் மேசை எனக்கு ஒரு படி மேல்.

சாப்பாட்டு மேசையாக மாற்றுவதை நான் எதிர்ப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். இல்லை. மேலே பலகை போட்டு மூடிச் சாப்பிடுவதற்கென்றே ரைலி போன்ற கம்பெனிகள் மேசை விற்றிருக்கின்றன. பலகையை எடுத்தால் ஆட்டம், போட்டால் பந்தி. கல்லை வெளியே எறிந்துவிட்டு, காலை அறுத்துக் குட்டையாக்கி, மேலே கண்ணாடி போடுவதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை.

பந்துகளைப் பற்றித் தனியாக ஒரு எச்சரிக்கை. அலமாரியில் மஞ்சள் பாய்ந்த, மெல்லிய கோடுகள் ஓடுகிற பழைய பந்துகள் இருந்தால் அவை தந்தமாக இருக்கலாம். ஒரு பெட்டி பந்துக்கு எத்தனை யானை என்று கணக்குப் போட்டால் கையில் எடுக்கவே மனம் வராது. இத்தனைக்கும் தந்தப் பந்து ஒழுங்காகக்கூட ஓடாது. காய்ந்தால் உருண்டை கெடும், திரும்பக் கடைசல் போட வேண்டும். தந்தத்துக்கு மாற்றுக் கண்டுபிடிப்பவருக்குப் பத்தாயிரம் டாலர் என்று அமெரிக்காவில் ஒரு மேசைக் கம்பெனி அறிவித்தது. அந்த ஆசையில் ஜான் வெஸ்லி ஹயட் 1869 வாக்கில் செய்துகாட்டியதுதான் செல்லுலாய்ட். பந்து வேட்டையில் பிறந்த பொருள் பிற்பாடு சினிமா ஃபிலிம்வரை போனது. இன்றைய பந்துகள் பினாலிக் பிசின் என்ற ஒரு வகைப் பிளாஸ்டிக்கில் செய்தவை. தந்தத்தின் சர்வதேச வர்த்தகத்துக்கு 1990-இலிருந்தே தடை இருக்கிறது. அதனால் அந்தப் பந்துகளை மேசையோடு சேர்த்து யார் தலையிலும் கட்டிவிடாதீர்கள். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்த பிறகுதான் அவை அலமாரியை விட்டு நகர வேண்டும். தந்தப் பெயர்ப்பலகைக்கும், சட்டத்தில் புள்ளி புள்ளியாகப் பதித்த குறிகள் தந்தமாக இருந்தால் அவற்றுக்கும் இதே விதிதான்.

கிளப் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்னூக்கர் என்ற ஆட்டம் எந்தத் தொழிற்சாலையிலும் உருவானதில்லை. 1875-இல் ஜபல்பூரில் ராணுவ மெஸ்ஸில் மழைக்குப் போக்கிடம் இல்லாத அதிகாரிகள் இருந்த மேசையில் இன்னும் சில பந்துகளைச் சேர்த்துப் போட்டு ஆடியதில் பிறந்தது என்று அந்த அதிகாரிகளில் ஒருவரான நெவில் சேம்பர்லின் பிற்காலத்தில் எழுதினார். அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டதாகச் சொல்லப்படும் இடமும் ஒரு கிளப்தான், ஊட்டியில். உங்கள் பின்னறை மேசையில் யார் யார் என்னென்ன ஆடினார்கள் என்று பழைய மார்க்கர் (ஆட்டத்தில் புள்ளி குறிப்பவர்) யாராவது உயிரோடு இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள். மேசையோடு அந்த ஒரு பக்கத்தையும் கொடுத்தால் வாங்குகிறவர் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

சரி, எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பில்லியர்ட்ஸ் ஃபிட்டரை வைத்தே பிரியுங்கள். பொதுவாக வீடு மாற்றிக் கொடுப்பவர்களுக்கு இந்த வேலை பிடிபடாது. பிரிப்பதற்கு முன்னால் நாலு பக்கமும் அடியிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத பாகங்களுக்குச் சாக்பீஸால் எண் போடுங்கள். கற்களைச் செங்குத்தாக நிறுத்தித்தான் தூக்க வேண்டும், செங்குத்தாகவே சாய்த்து வைக்க வேண்டும், அடியில் மரக்கட்டை கொடுத்து. போல்ட்டுகளையும் பித்தளை மூடிகளையும் ஒரே டப்பாவில் போட்டு அந்த டப்பாவை மேசையோடே கட்டிவிடுங்கள். ஸ்கோர் பலகை, க்யூ (ஆடும் கோல்) மாட்டும் தாங்கி, நீளக் க்யூ, மேலே தொங்கும் விளக்குக் கூண்டு எல்லாம் அதே குடும்பம். கிடங்கில் வைப்பதானால் ஈரம் இல்லாத இடம். மரத்தைப் பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது வார்னிஷ் அடிக்காதீர்கள். அந்த மங்கல் நிறம் வருவதற்குத்தான் நூறு வருடம் ஆகியிருக்கிறது, போக்குவதற்கு ஒரு மத்தியானம் போதும்.

விலையைப் பற்றி உங்களுக்கு நான் ஆலோசனை சொல்வது முறையில்லை. நானும் வாங்குகிற கூட்டம். அதனால் என்னிடம் கேட்காதீர்கள், வாங்கும் உத்தேசம் இல்லாத ஒருவரைக் கூப்பிட்டு மதிப்புப் போடுங்கள். மேசை எனக்கு வராவிட்டாலும் வருத்தமில்லை. பிரிக்கும் நாளை மட்டும் முன்கூட்டித் தெரிவித்தால், ஸ்பேனரும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு காலையில் முதல் ஆளாக வந்து நிற்கிறேன். கூலி வேண்டாம். பித்தளை மூடிகளை நானே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது கல்லுக்காக இன்னும் காத்திருக்கும் ஒருவன்