போதிக்கிறவரும் வேதத்துக்குக் கீழ்ப்பட்டவரே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேதாகமத்தின் அதிகாரத்தைப் பற்றிக் கடந்த இதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். சபையின் உபதேசத்துக்கு வேதமே இறுதி அளவுகோல் என்று கட்டுரையாளர் நிலைநாட்டியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், போதகர் தரும் விளக்கத்தைக் கேள்வி கேட்பது அவிசுவாசத்தின் அடையாளம் என்று அவர் முடித்திருப்பது, முன்பாதியில் தாம் கட்டியதைப் பின்பாதியில் தாமே இடித்துப்போடுவதாக இருக்கிறது. விளக்குகிறவரை யாரும் சோதித்துப் பார்க்கக் கூடாது என்றால், அங்கே இறுதி அதிகாரம் விளக்குகிறவருடையதே தவிர வேதத்தினுடையது அல்ல.

பெரோயா பட்டணத்தார் அப்போஸ்தலனாகிய பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். அவர்களை நற்குணசாலிகள் என்றுதான் அப்போஸ்தலர் நடபடிகள் 17:11 சொல்லுகிறது. அந்தப் பவுலே, தீர்க்கதரிசிகள் பேசும்போது மற்றவர்கள் அதை நிதானித்துப் பார்க்க வேண்டும் என்று கொரிந்து சபைக்கு எழுதினார். அப்போஸ்தலனுக்கே விலக்களிக்கப்படாத சோதனையிலிருந்து இன்றைய பிரசங்கியாருக்கு எப்படி விலக்குக் கிடைத்தது?

வசனத்தை எடுத்துச் சொல்வதும் வசனத்தின் அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதும் ஒன்றல்ல என்பதற்கு மத்தேயு 4ஆம் அதிகாரத்தைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தேவாலயத்து உப்பரிகையில் பிசாசு காட்டியது 91ஆம் சங்கீதத்தின் வசனந்தான். இயேசு அந்தச் சங்கீதத்தைத் தள்ளவும் இல்லை, அந்த ஒரு வசனத்தோடு நின்றுவிடவும் இல்லை. தேவனைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்ற உபாகமம் 6:16ஐ அதன் அருகில் வைத்தார். ஒரு வேதபகுதியை இன்னொரு வேதபகுதியின் வெளிச்சத்தில் வாசிக்க வேண்டும் என்று திருச்சபை காலங்காலமாகச் சொல்லிவரும் நெறி அங்கேயே செயலில் இருக்கிறது.

இந்த நெறி எங்கே அதிகமாக மீறப்படுகிறது என்று கேட்டால், எரேமியா 29:11ஐத்தான் முதலில் சொல்வேன். ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற அந்த வாக்கு, இந்த ஆண்டுக்குள் வேலை கிடைக்கும், கடன் தீரும் என்ற உறுதிமொழியாகப் பிரசங்கிக்கப்படுகிறது. அது பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய நிருபத்தில் உள்ளது. அங்கே வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்று தொடங்கும் அந்த நிருபம், திரும்பிவர 70 வருஷம் ஆகும் என்று முந்தின வசனத்திலேயே கூறிவிடுகிறது. அதாவது, அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் சொந்த மண்ணை இனிக் காணப்போவதில்லை. இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருப்பதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்து, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பி வரும் என்று ஜனங்களுக்கு முன்பாக அறிவித்திருந்தான். இருவருமே கர்த்தரின் பெயரில்தான் பேசினார்கள். சுற்றியுள்ள வசனங்களை மறைத்துவிட்டு உடனடி விடுதலையை வாக்களிக்கும் பிரசங்கியார், எரேமியாவின் வசனத்தை வைத்து அனனியாவின் செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2ஆம் நூற்றாண்டில் மார்சியோன் என்ற போதகர் பழைய ஏற்பாட்டை முழுவதும் தள்ளிவிட்டு, லூக்கா சுவிசேஷத்தையும் பவுலின் நிருபங்களில் பத்தையும் தன் கருத்துக்கேற்ப வெட்டித் திருத்தி வைத்துக்கொண்டபோது, திருச்சபை அதை ஏற்க மறுத்தது. இன்று எவரும் வேதத்தைக் கத்தரிப்பதில்லை. கத்தரிக்க வேண்டிய அவசியமும் இல்லை, துயரத்தையும் தேவனிடம் முறையிடுவதையும் பேசும் புலம்பல், ஆபகூக் ஆகிய புத்தகங்களைப் பிரசங்க மேடைக்கு வரவிடாமல் வைத்திருந்தாலே போதும்.

போதிக்கிறவர் வேதத்துக்கு மேலானவர் அல்ல என்பது ஒரு பிரிவினரின் கொள்கை மட்டுமல்ல. 1521இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் கூட்டிய மன்றத்தில், வேதவாக்கியத்தாலோ தெளிவான நியாயத்தாலோ தம்மை உணர்த்தினாலன்றித் தம் எழுத்தைத் திரும்பப்பெற முடியாது என்று திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் நின்றார். அப்போஸ்தலர்களின் காலத்துக்குப் பின் கூடிய எல்லாத் திருச்சபைச் சங்கங்களும் தவறக்கூடியவை என்று புராட்டஸ்டன்ட் சபையினரின் 1646ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை ஒப்புக்கொண்டது. பாரம்பரியத்துக்கும் வேதத்துக்கும் ஒத்த மதிப்பு உண்டு என்று 1546இல் திரெந்து சங்கத்தில் தீர்மானித்த கத்தோலிக்கத் திருச்சபையும், போதிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலானதல்ல, அதற்குப் பணிபுரிவதே என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் எழுதியது. இவர்களுக்கிடையே உள்ள வேறுபாடு சிறியதல்ல. அதை மூடி மறைக்கவும் நான் விரும்பவில்லை. என்றாலும் தனியொரு பிரசங்கியார் எவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்று இவர்களில் ஒருவரும் சொன்னதில்லை.

அப்படியானால் ஆளுக்கொரு விளக்கம் பிறந்து சபை சிதறிவிடாதா என்று கட்டுரையாளர் அஞ்சுவது நியாயமே. பவுலின் நிருபங்களில் அறிகிறதற்கு அரிதானவை உண்டென்றும், அவற்றைச் சிலர் புரட்டுகிறார்கள் என்றும் 2 பேதுரு 3:16 எச்சரிக்கிறது. ஆனால் கேட்கிறவர்களின் வாயை அடைப்பது அதற்கு மருந்தாகாது. சபையாக உட்கார்ந்து, முன்னோர் வாசித்த விதத்தையும் அறிந்துகொண்டு வாசிப்பதே மருந்து.

நடைமுறையில் இரண்டு காரியங்களைப் போதகர்கள் செய்யலாம். பிரசங்கத்துக்கு எடுத்த வசனம் இடம்பெறும் அதிகாரத்தை முழுவதும் சபைக்கு முன் வாசிக்கட்டும்; ஆராதனை முடிந்தபின் கேள்விகளுக்குச் சற்று நேரம் ஒதுக்கட்டும். அடிக்கடி தனியே பிரித்தெடுக்கப்படும் வசனங்களை அவற்றின் முன்பின் பகுதிகளோடு சேர்த்து விளக்கும் ஒரு தொடரைத் தங்கள் இதழ் வெளியிட்டால், அதை எரேமியா 29ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்