கரடி திறக்க முடியாத குப்பைத்தொட்டி கோத்தகிரிக்கு எப்ப வரும்?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம பேப்பர்ல கேம்பர் வேன்ல ஊட்டி கோத்தகிரின்னு சுத்துற பசங்கள பத்தி போட்டிருந்தீங்க. படமெல்லாம் சூப்பர், வேனுக்குள்ள அடுப்பு, கட்டில், லைட்டுன்னு எல்லாம் காட்டியிருந்தீங்க, ஆனா அந்த அடுப்புல ஆக்குன சோத்து மிச்சம் எங்க போச்சுன்னு ஒரு வரி இல்ல. அதுக்குத்தான் இந்த லெட்டர்.

நான் இந்த மலையில 27 வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன். பையன் கனடால இருக்கான், ரெண்டு வருஷம் முன்னாடி ஜூன் கடைசில என்னையும் வீட்டுக்காரியையும் கூட்டாளி ஒருத்தனோட கேம்பர் வேன்ல ஏத்திகிட்டு வடக்க யூகான் பக்கம் கூட்டிட்டு போனான் (வாடகை வேன்காரங்க நிறைய பேரு அங்க இருக்குற ஜல்லி ரோட்டுக்கு வண்டியே தர மாட்டாங்களாம்). தமிழ்நாட்ட விட மூணு மடங்குக்கு மேல பெரிய இடம், மொத்த ஜனம் 50 ஆயிரத்த தொடாது. நாங்க போன ரோட்டுக்கு டெம்ப்ஸ்டர் ஹைவேன்னு பேரு, ஆனா 730 கிலோமீட்டருக்கு மேல கிட்டத்தட்ட முழுக்க ஜல்லி ரோடு. அடியில மண்ணு வருஷம் பூரா உறைஞ்சே கெடக்குது, மேல இருந்து சூடு மண்ணுக்குள்ள போனா எளகி ரோடு உக்காந்துரும், அதனால ஜல்லிய மேடு மாதிரி தடியா கொட்டி அதுமேல வண்டி விடுறாங்க. கல்லு ஒவ்வொண்ணும் கத்தி, ஸ்டெப்னி ரெண்டு இல்லாம கெளம்பாதன்னாங்க, மழை பேஞ்சா நம்ம ஊட்டி மசினகுடி ரோட்டுல இருக்குற கல்லட்டி எறக்கமே தேவலன்னு ஆயிரும். ஆரம்பத்துல விட்டா 369வது கிலோமீட்டர்ல தான் பெட்ரோல். நடுவுல ரெண்டு ஆத்துக்குப் பாலமே கெடையாது, வேன படகுல ஏத்தித்தான் அக்கரைக்குப் போகணும். அதத் தாண்டி 2017ல தொறந்த ரோடு ஒண்ணு, அதுல வடக்குக் கடல் வரைக்கும் போய் கால நனைச்சுட்டு வந்தோம். ராத்திரி 12 மணிக்கு வெயில் அடிக்குது, எந்த வேளைக்கு ஒல வைக்கிறதுன்னு வீட்டுக்காரி பொலம்பிட்டே வந்தா.

சரி விஷயத்துக்கு வர்றேன். டூம்ப்ஸ்டோன்னு ஒரு மலை, அங்க கேம்ப் போடுற எடம். வாட்ச்மேன் யாரும் நிக்கல, காச கவர்ல போட்டு பெட்டில நாமளே போட்டுறணும், விறகு ஃப்ரீ. முதல் நாள் இவ சாப்பிட்டு முடிச்சு ஊறுகா பாட்டில வெளிய பெஞ்சு மேலயே வச்சுட்டு கை கழுவப் போனா, பக்கத்து வேன்ல இருந்த பெரியம்மா ஒண்ணு ஓடி வந்து பாட்டில கைல குடுத்து உள்ள வை உள்ள வைன்னு ஒரே சைகை. கரடி ஊராம். பல்லு வெளக்குற பேஸ்ட்டு கூட வண்டிக்குள்ளதான் இருக்கணும். குப்பைத்தொட்டி கனமான இரும்பு, மூடிய சும்மா தூக்கித் தொறக்க முடியாது, ஒரு மறைப்புக்குள்ள கைய விட்டு லிவர அழுத்துனாதான் தொறக்கும், கரடி நகம் அந்த சந்துல நொழையாது. எனக்கும் முதல்ல தொறக்கத் தெரியல, பையன் சிரிக்கிறான். மனுஷன் சாப்பாட்டுக்குப் பழகின கரடி வீடு, வண்டின்னு நொழைய ஆரம்பிக்கும், கடைசில சுட்டுத்தான் கொல்லுவாங்களாம், அதான் இவ்வளவு கெடுபிடி.

இத கேட்டப்ப எனக்கு நம்ம ஊருதான் ஞாபகம் வந்துச்சு. கோத்தகிரில கரடி விளக்கு எண்ணெய்க்கு கோயில் கதவ ஒடைக்கிறது புதுசா, வீட்டுக்குள்ள வந்து எண்ணெய் டின்ன கவுக்குறது புதுசா. ஆனா ரோட்டோரம் பாருங்க, தொட்டிக்கு மூடியே இல்ல, வேன்காரங்க ராத்திரி வியூ பாயிண்ட்ல சமைச்சு பிரியாணி மிச்சத்த கட்டி அதுல வீசிட்டு தூங்கிர்றாங்க, காலைல பாத்தா காட்டுமாடும் கரடியும் கிண்டி ரோடு முழுக்க எலும்பு, கவர். 2024 மே 7ல இருந்து மலைக்கு வர்ற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்துச்சு, வண்டிய எண்றாங்க, நல்லது, ஆனா அந்த வண்டி ராத்திரி எங்க நிக்கும், பாத்திரம் கழுவுன தண்ணிய எங்க கொட்டும்னு கேக்க ஆளில்ல. கோத்தகிரி பக்கத்துல இருக்குற லாங்வுட் சோலைக் காட்ட அதே வருஷம் ராம்சார் எடமா, அதாவது உலக அளவுல காப்பாத்த வேண்டிய ஈரநிலமா அறிவிச்சாங்க, நிறைய கிராமத்துக்கு அந்த சோலைத் தண்ணிதான் குடிதண்ணி. அதுக்குப் பக்கத்துலயே ஒரு வேன் நின்னு சோப்புத் தண்ணிய சரிவுல விடுறத என் கண்ணால பாத்தேன், கேட்டா அந்த வேன்கார பையன் என்னைய பாத்து "அங்கிள், இது ஆர்கானிக் சோப்பு"ங்கறான்.

வேன் வர வேண்டாம்னு சொல்லல, நானே போய் ரசிச்சவன். ராத்திரி நிக்க ரெண்டு மூணு எடம் ஒதுக்கி, காசு வாங்கி, கழிவுத் தண்ணிக்கு ஒரு தொட்டி, கக்கூஸ், அந்த இரும்பு குப்பைத்தொட்டி, இவ்வளவுதான் கேக்குறேன். தொட்டிய நான் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். இங்க வெல்டிங் பட்டறைல காட்டுனேன், தகடு கொஞ்சம் தடியா போட்டா செஞ்சிரலாம் அண்ணேன்னாரு, கரடிக்கு ஒருதரம் டெஸ்ட் பண்ணிப் பாத்துரலாம்னு வேற சொல்றாரு. எங்க வைக்கிறது, யார்கிட்ட பர்மிஷன் கேக்கணும்னு தெரிஞ்சவங்க உங்க பேப்பர்லயே எழுதுனா கூட போதும், முதல் தொட்டிக்கு தகட்டுக் காசு நானே குடுத்துர்றேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், கோத்தகிரி