மெல்லிசு லேப்டாப்பும் நம்ம பழைய ஆட்டமும்

மாப்ள,

உன் மெயில் வந்து ரொம்ப நாளாகக் கிடக்கிறது, பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஒரு வேலை வந்து நிற்கும். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது டிவியில் கீழே ஓடுகிற எழுத்தைக் கண்ணாடி போடாமல் படித்து, நாங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார். பாப்பா மூன்றாவது போகிறாள். எனக்கு வேலை அதே வேலைதான், மாதத்தில் பாதி நாள் மதுரை, பாதி நாள் சென்னை சைட், நடுவில் வைகை எக்ஸ்பிரஸ்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உனக்கு என்ன லேப்டாப், அக்கா மகனுக்கு என்ன லேப்டாப் என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். அது ரெண்டு தனித்தனிக் கேள்விடா, பதிலும் வேறு வேறு.

முதலில் என்னுடையதைச் சொல்கிறேன். 14 இன்ச், எடை ஒன்றரை கிலோவுக்குக் கீழே, உள்ளே ரைசன் 7 8845எச்எஸ் பிராசசர். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, அந்தச் சிப்பிலேயே இருக்கிற ரேடியான் 780எம் மட்டும்தான். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் விளம்பரத்துக்கு எவ்வளவு வாங்கினாய் என்று கேட்பாய். பகலில் அதில் நான் பார்ப்பது பெரிய பெரிய எக்செல் ஷீட், ஆட்டோகேட் டிராயிங், கூகுள் மீட், பில், தமிழில் நாலு கடிதம். ரயிலில் முன் சீட்டின் தட்டை இறக்கி வைத்தால் அதில் அளவாக உட்காரும். 65 வாட் டைப்-சி சார்ஜர், அதே சார்ஜரில் போனையும் போட்டுக்கொள்ளலாம். நம்ம கேப்டன் கோயம்புத்தூரில் வைத்திருக்கிறானே கேமிங் லேப்டாப், அது ரெண்டரை கிலோ, அதன் சார்ஜரே கையில் தூக்கினால் செங்கல் மாதிரி கனக்கும். அவன் அதை மேசையை விட்டு எடுத்து நான் பார்த்ததே இல்லை. அப்புறம் எதற்கு லேப்டாப், ஒரு டெஸ்க்டாப் வாங்கியிருந்தால் அதே காசுக்கு இன்னும் வேகமாக ஓடியிருக்குமே என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டான்.

ஆட்டத்துக்கு வருகிறேன், நீ கேட்டதே அதற்குத்தானே. ஹாஸ்டலில் வராந்தா முழுக்க லேன் கேபிளை இழுத்துப் போட்டு, பென்டியம் 4 டப்பாக்களில் ஊர் கட்டிப் படை திரட்டிச் சண்டை போடுகிற ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடினோமே, அதுதான் இன்றைக்கும் என் முக்கால்வாசி ஆட்டம். 1999இல் வந்த ஆட்டத்தை 2019இல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்று புதுப்பித்து விட்டார்கள். நீ அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை, அதனால் இது உனக்குத் தெரிந்திருக்காது: 2022 ஏப்ரலில் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்று ஒரு கூடுதல் தொகுப்பு வந்தது, அதில் திராவிடர்கள் என்று தனி நாகரிகமே உண்டு. ஆட்கள் தமிழில் பேசுகிறார்கள் மாப்ள! விறகு வெட்டப் போகிறவனைத் தட்டினால் தமிழில் பதில் வருகிறது. சுருள் வாள் வீசுகிற உருமி வீரன், கடலில் திரிசடை என்று ஒரு பெரிய போர்க்கப்பல், ராஜேந்திர சோழன் பெயரில் கதையாகப் போகிற ஒரு கேம்பெயின். ஒவ்வொரு யுகம் மாறும்போதும் 200 மரம் சும்மா கிடைக்கும், குதிரைப்படை மட்டும் சுமார்தான். பிராங்ஸ் நாகரிகத்தை எடுத்துக்கொண்டு குதிரையாக இறக்கியே எங்களைக் கொன்றாயே, உனக்கு இது பிடிக்காமல் போகலாம்.

இந்த ஆட்டத்தை எடுத்துக்கொண்டால் ஒரு விஷயம் நன்றாகப் புரியும். இதற்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை, பாரமெல்லாம் பிராசசர் மேல்தான், அதிலும் பெரும்பகுதி அதற்குள் இருக்கிற பல கோர்களில், அதாவது கணக்குப் போடுகிற பகுதிகளில், ஒன்றின் மேல். எட்டுப் பேர் ஆளுக்கு 200 பேர் படை வைத்துக்கொண்டு மோதினால் 1600 உருப்படிகளும் எந்த வழியாகப் போவது என்று ஓயாமல் கணக்குப் போட வேண்டும். எல்லோருடைய கம்ப்யூட்டரும் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டு போகிற மாதிரிதான் இதன் நெட்வொர்க்கே கட்டப்பட்டிருக்கிறது, அதனால் எவனுடைய மெஷின் மெதுவோ அவன் வேகத்துக்குத்தான் மற்ற ஏழு பேரும் ஆட முடியும். அதற்காகவே ஆன்லைனில் தரவரிசைக்கு ஆடுகிற ரேங்க் ஆட்டத்துக்குள் நுழையும் முன்னால் ஒரு சோதனை ஓட்டம் வைத்து மார்க் போடுகிறார்கள். என்னுடைய மெல்லிசு லேப்டாப் அதை அலட்டாமல் தாண்டிவிட்டது. அதுவே நேற்று வந்த பெரிய ஆட்டம் எதையாவது ஓட்டப் பார்த்தால் கதையே வேறு, அங்கே 780எம் மூச்சு வாங்கும், எல்லாவற்றையும் குறைத்து வைத்து நொடிக்கு 30 ஃபிரேமில், அதாவது 30 படத்தில், ஓட்ட வேண்டியிருக்கும். ஜிடிஏ 5, வேலரன்ட் மாதிரி ஆட்டங்கள் நன்றாகவே ஓடுகின்றன.

அதனால்தான் சொல்கிறேன், முதலில் நீ எதை ஆடப் போகிறாய் என்று உன்னையே கேட்டுக்கொள். ஆட ஆசைப்படுவதை இல்லை, உண்மையிலேயே ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைகள் தூங்கின பிறகு கிடைக்கிற முக்கால் மணி நேரத்தில் எதைத் திறப்பாய் என்று. நூறு மணி நேர ஆட்டத்தையெல்லாம் நீ திறக்க மாட்டாய், நானும் மாட்டேன்.

ஆனாலும் மெல்லிசில் தனி கார்டு இருக்கிற மாடலும் வருகிறதே, அதை வாங்கலாமா என்று கேட்பாய். வாங்கலாம், ஆனால் கார்டின் பெயரைப் பார்த்து வாங்காதே, வாட்டைப் பார். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டு என்று ஸ்டிக்கர் ஒன்றுதான், ஆனால் கார்டைச் செய்கிற என்விடியா அதற்குக் கொடுத்திருக்கிற அளவு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரைக்கும். மெல்லிசுப் பெட்டிக்காரன் சூடு தாங்காது என்று கீழ்ப்பக்கமாக வைப்பான், தடிப்பெட்டிக்காரன் முழுசாகத் திறந்துவிடுவான். பெயர் ஒன்று, வேகம் ரெண்டு. கடையில் நிற்கிற பையனிடம் இது எத்தனை வாட் என்று கேட்டால் சார்ஜரைத் தூக்கிக் காட்டுவான். கம்பெனி இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பட்டியலில் டிஜிபி என்று கார்டின் வாட்டைப் பெரும்பாலும் போட்டிருப்பார்கள், நீயே தேடிப் பார்த்துக்கொள்.

சூடு என்றதும் நம்ம ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். இந்த விமர்சனம் செய்கிறவர்கள் எல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்து 25 டிகிரியில் சோதித்துவிட்டுப் போகிறார்கள். மே மாதம் மதுரையில் மாடி அறை 35, 36 இருக்கும்போது அந்தக் கூடுதல் பத்து டிகிரியும் அப்படியே சிப்பின் சூட்டோடு சேர்ந்துகொள்ளும். விசிறியால் அறைக் காற்றைத்தான் உள்ளே தள்ள முடியும், அதைவிடக் குளிர்ந்த காற்றுக்கு அது எங்கே போகும்? 95, 100 டிகிரி வந்ததும் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். இதற்கு நான் செய்வது ரொம்பச் சாதாரணம்: ஃபிரேமை 60க்கு மேல் போகாமல் கட்டிவைத்துவிடுவேன், சைலன்ட் மோடில் விட்டுவிடுவேன், பின்பக்கம் ஒரு மரக்கட்டை கொடுத்துத் தூக்கி வைப்பேன். கட்டில் மெத்தையில் வைத்து ஆடவே கூடாது, காற்று இழுக்கிற ஓட்டை அடியில்தான் இருக்கிறது, மெத்தை அதை முழுசாக மூடிவிடும். உன் வீட்டம்மாவிடமும் சொல்லி வை, அவர்கள் சீரியல் பார்க்கிறபோது போர்வை மேல் வைப்பார்கள் என்று நீயே ஒருமுறை புலம்பினாய்.

பேட்டரி விஷயத்தில் விளம்பரத்தை நம்பாதே, நீயே கணக்குப் போட்டுப் பார். 75 வாட்-மணி பேட்டரி என்று வை, எழுதவும் படிக்கவும் 8 வாட் தின்றால் ஒன்பது மணி நேரம் வரும், ஆடும்போது 40 வாட் தின்றால் ரெண்டு மணி நேரம்கூட வராது. எந்த மெல்லிசு லேப்டாப்பை எடுத்தாலும் இதுதான் நிலைமை. வீட்டில் எந்நேரமும் சார்ஜரிலேயே கிடக்கும் என்றால் 80 சதவீதத்தோடு நிறுத்துகிற வசதியை ஆன் செய்துவிடு, லித்தியம் பேட்டரிக்கு முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் ஆயுசு சீக்கிரம் போய்விடும். கரன்ட் போனாலும் கவலை இல்லை, ரூட்டரை மட்டும் இன்வர்ட்டரில் போட்டுவிட்டால் ஆட்டம் பாட்டுக்கு நடக்கும். போன மாதம் கேப்டனுக்கு அங்கே கரன்ட் போனபோது அவன் லேப்டாப் பேட்டரிக்கு மாறியதும் பாதி வேகத்துக்கு விழுந்துவிட்டது, அந்த நேரம் பார்த்து அவன் கோட்டையைத் தரைமட்டமாக்கியது நான்தான்.

மெல்லிசில் எனக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். ரேம் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், பின்னால் கூட்ட வழியே இல்லை. ஷோரூமில் 16 ஜிபி போதும் சார் என்றார்கள், நான் 32தான் வேண்டும் என்று நின்றேன், ஏனென்றால் தனி கார்டு இல்லாத மெஷினில் கிராபிக்ஸுக்கும் அந்த ரேமிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்காரர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது, ஆனாலும் இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே. கீபோர்டு அழுத்தம் ரொம்பக் குறைவு, நம்ம காலத்து டிவிஎஸ் கீபோர்டில் தட்டிப் பழகின விரலுக்கு ஒட்டவே இல்லை. அப்புறம் 2880க்கு 1800 ஸ்கிரீன் என்று பெருமையாகப் போட்டு விற்பார்கள், படிக்க அருமையாக இருக்கும், ஆட்டத்துக்கு வீண், 1920க்கு 1200ஐ விட ரெண்டே கால் மடங்கு புள்ளிகளை வரைய வேண்டும். ஆடும்போது நான் இறக்கித்தான் வைக்கிறேன்.

அக்கா மகனுக்கு இதெல்லாம் பொருந்தாது. அவன் ஆர்க்கிடெக்சர் சேர்கிறான் என்றாயே, அவனுக்கு ரெண்டொரு வருடத்தில் 3டி, அதை நிஜப் படம் மாதிரி ஆக்குகிற ரெண்டரிங் எல்லாம் வந்துவிடும், அதற்குத் தனி கார்டு கட்டாயம் வேண்டும், வாட் அதிகமாக உள்ள தடி மெஷினே வாங்கிக் கொடு, ஹாஸ்டல் மேசையை விட்டு அது அதிகம் நகரப் போவதில்லை. ராத்திரி அவன் அதில் ஆடத்தான் செய்வான், ஆடட்டும், நாம் என்ன யோக்கியமா? மெட்ரிக் ஸ்கூல் மாதிரி மார்க்கை வைத்து மிரட்டாமல் இருக்கச் சொல் அக்காவை. ரேமும் எஸ்எஸ்டியும் பின்னால் மாற்றுகிற மாதிரி இருக்கிறதா என்று மட்டும் கவனித்துக்கொள்.

கடையில் எழுதிக் கொடுக்கிற கொட்டேஷனை வாங்கின கையோடு எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு, மாடல் எண் முழுசாகத் தெரிகிற மாதிரி. 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்றும் கேட்டுவிடு, சிலர் கடைசியில்தான் சொல்கிறார்கள். உன்னுடையது வந்ததும் சொல், சனிக்கிழமை ராத்திரி நானும் கேப்டனும் எப்படியும் ஆன்லைனில் இருப்போம், மூன்று பேராகக் கம்ப்யூட்டரையே எதிரியாக வைத்து ஆடி உன் கையைப் பழக்கலாம். பிராங்ஸ் எடுக்கக் கூடாது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்