பாட்டைக் கேட்டேன் கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் பேத்தியும் நலமா? எதிர்வீட்டுப் பையன் பெங்களூர் வருகிறான், அவனிடம் ஒரு பை கொடுத்து விட்டிருக்கிறேன். நாட்டுச்சர்க்கரை, தேங்காய் எண்ணெய், அம்மா இடித்த கொள்ளுப்பொடி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்ன டப்பா இருக்கும். நாலு ஜோடி இயர் பிளக், சத்தம் குறைய காதில் வைப்பது. உனக்கு ஒன்று, உன்னோடு வாசிக்கிற மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒன்று. பேத்திக்கு வாங்கவில்லை. நீங்கள் பாட்டுப் பழகுகிற அந்த ரூமுக்கே அவளைக் கூட்டிப் போகாதே.

எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காதே. தங்கச்சி தீபாவளிக்கு வந்தபோது போனில் காட்டினாள். நீ நடுவில் நின்று பாடுகிறாய், டிரம்ஸ்காரப் பையனுக்கு முன்தலை நரைத்துவிட்டது. நம் வீட்டில் ஒரே உட்காரலில் பதினோரு தோசை சாப்பிட்டானே, அந்தக் கண்ணாடிப் பையன் வெளிநாட்டிலிருந்து எப்போது திரும்பி வந்தான்? பேஸ் கிட்டார் வாசிக்கிறவனை மட்டும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நாலு பேரும் முப்பத்தெட்டு வயதில் மறுபடி சேர்ந்து, புதுப் பாட்டு எழுதி, சொந்தக் காசில் வெளியிடுகிறீர்கள் என்று தங்கச்சி சொன்னாள். டீக்கடையில் அதைச் சொல்லிவிட்டேன். நானாகவே நாலு பேரிடம் சொன்னேன் என்றுகூட வைத்துக்கொள். ஆனால் ஊர் பார்த்த பிறகுதான் அப்பன் பார்த்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

வேலையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயாகச் சொன்னால் சரி. வீட்டுக் கடன் இன்னும் எத்தனை வருஷம் என்பது உனக்கே தெரியும். உன் பெங்களூரிலேயே அகம் என்று ஒரு குழு இருக்கிறதே, நீ காலேஜில் படித்தபோது சன் டிவி போட்டியில் ஜெயித்த பையன்கள், அவர்கள் 2003ல் ஆரம்பித்தார்கள். வேலைக்கும் போய்க்கொண்டு கர்நாடக சங்கீதத்தையும் ராக்கையும் சேர்த்து இத்தனை வருஷம் வாசித்தார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். அப்படியும் ஒரு வழி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

கிணற்றில் இந்த வருஷம் தண்ணீர் நிற்கிறது. மேற்குத் தோட்டத்து மாமா தவறிவிட்டார், அம்மா சொல்லியிருப்பாள். கோயில் நோம்பி சாட்டியிருக்கிறார்கள், முடிந்தால் வா. மற்றபடி சேதி ஒன்றும் இல்லை.

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். தறிக்காரர்கள் காதில் வைக்கிற பஞ்சு இல்லை அது, மஞ்சள் ஸ்பாஞ்சும் இல்லை. ஸ்பாஞ்ச் வைத்தால் கீச்சென்ற மேல்சத்தம்தான் அதிகம் அடைபடும், பாட்டு மந்தமாகிவிடும், அப்புறம் நீங்கள் கழற்றி எறிந்துவிடுவீர்கள். இதற்குள் சின்ன ஃபில்டர் இருக்கிறது. கீழ்சத்தம் மேல்சத்தம் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். வாசிக்கிறவர்களுக்கென்றே செய்வது. சத்தத்தை டெசிபல் என்று அளக்கிறார்கள். 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாமாம். அதிலிருந்து மூன்று ஏறினால் நேரம் பாதியாகிவிடும். 88க்கு நாலு மணி, 91க்கு இரண்டு மணி. இப்படியே கணக்குப் போட்டால் 100க்குக் கால் மணி நேரம்தான். நீங்கள் மணிக்கு வாடகை கொடுத்து எடுக்கிற அந்தச் சின்ன ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு டிரம்ஸ் அடித்தால் என்ன அளவு வரும் என்று நீயே பார். போனிலேயே அளக்கலாம் என்கிறாள் தங்கச்சி. அளந்து பார். உள்காதில் மயிரிழை மாதிரி செல்கள் இருக்கின்றன, செத்தால் திரும்ப முளைக்காது.

உன் ரூம் கதவில் தொப்பி போட்ட ஒரு பாட்டுக்காரர் படம் ஒட்டியிருந்தாயே, ஏசி/டிசி குழுவின் பிரையன் ஜான்சன். 2016ல் காது போய்விடும் என்று டாக்டர்கள் எச்சரித்து, சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே நிறுத்த வேண்டி வந்தது. அவ்வளவு பெரிய ஆளுக்கே அப்படி.

காது டெஸ்ட் எடுத்த பெண் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். டெஸ்ட் எனக்குத்தான் எடுத்தார்கள். அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், நான்தான் சொல்லாதே என்றேன்.

2022 ஜனவரியில் கூலி உயர்வுக்காகத் தறி எல்லாம் நிறுத்தினோம், ஞாபகம் இருக்கிறதா? கோவை, திருப்பூர் இரண்டு மாவட்டத்திலும் தறி நின்றது. நம் தெருவில் நடு மத்தியானம் காக்கா கத்துவது கேட்கிறது என்று அம்மா வாசலில் போய் நின்றாள். எனக்குக் கேட்டது காக்கா இல்லை. கொய்ங் என்று ஒரே சத்தம், நிற்காத சத்தம். எங்கேயோ ஒரு தறி மட்டும் ஓடுகிறது, எவனோ ஒற்றுமையைக் கெடுக்கிறான் என்று நினைத்துத் தெருத்தெருவாகப் போய்ப் பார்த்தேன். எல்லாக் குடோனும் பூட்டியிருந்தது. சத்தம் என் தலைக்குள் இருந்தது.

அப்போதும் டாக்டரிடம் போகவில்லை. போன வருஷம்தான் போனேன். ஒரு கூண்டுக்குள் உட்காரவைத்து, ஒவ்வொரு சத்தமாகக் கொடுத்து, கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கடைசியில் ஒரு கோடு போட்ட தாள் கொடுத்தார்கள். இடது பக்கம் கீழ்சத்தம், அங்கே கோடு நன்றாகத்தான் இருந்தது. வலது பக்கம் போகப் போகச் சரிந்து, 4000 ஹெர்ட்ஸ் என்கிற இடத்தில் பள்ளத்தில் விழுந்து கிடந்தது. பியானோவில் வலது ஓரக் கடைசிக் கட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற சத்தம் அது என்றாள் அந்தப் பெண். சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் அங்கேதான் போகுமாம். டிரம்ஸ் கேட்கும், மோட்டார் கேட்கும், ஆள் பேசுகிற ஓசையும் கேட்கும். ச, த, க, ப என்று பேச்சுக்கு வெட்டு கொடுக்கிற எழுத்துகள்தான் கேட்காது. அதனால் பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. எத்தனை வருஷமாக இப்படி என்று கேட்டாள். நாலு வருஷம் இருக்கும் என்றேன். இந்த அளவு நாலு வருஷத்தில் வராது, இருபது வருஷமாவது இருக்கும் என்றாள்.

கண்ணு, 2010ல் நீங்கள் சென்னைக்குப் போய் நாலு பாட்டு பதிவு செய்து ஒரு சிடி கொண்டுவந்தாய். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தறி நின்றிருந்த நேரம். நீ பக்கத்தில் உட்காராமல் கதவோரமாக நின்றாய். நாலு பாட்டும் முடிந்ததும், எப்படிப்பா இருக்கு என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கும் எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். இரைச்சல்தான் இருக்கு, பாட்டைக் காணோம் என்றேன். நீ சிடியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். அடுத்த மாதம் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தாய், கிட்டார் அட்டாலிக்குப் போனது. நீ மறுபடி பாட்டு எழுதவே இல்லை. பையனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு அன்றைக்கு உன் வார்த்தை ஒன்றுகூடக் கேட்கவில்லை. டிரம்ஸ் கேட்டது. அடியில் ஏதோ தும் தும் என்று கேட்டது. உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஊ, ஆ என்று கேட்டது, அவ்வளவுதான். இன்னும் ஒன்றும் சொல்ல வேண்டும். காதில் கோளாறு என்று எனக்கு அப்போதே தெரியும். அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டால் கேட்காது, சைக்கிள் பெல் கேட்காது. உன் அப்பாருக்கு, என்னைப் பெற்றவருக்கு, காது போனபோது நாங்கள் அண்ணன் தம்பிகள் எல்லாம் அவரை எப்படிக் கேலி செய்தோம் என்று நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். அந்த இடத்துக்கு நானும் வந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கேட்கவில்லை கண்ணு, என்ன பாடியிருக்கிறாய், வாயால் சொல் என்று கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாகப் பாட்டே இல்லை என்று சொல்லிவிட்டேன். என் காதின் குறையை உன் பாட்டின் மேல் போட்டேன். பதினைந்து வருஷம் ஆகிறது.

தொழிலால் வரும் நோய் என்று சட்டத்தில் போட்டிருக்கிற பட்டியலில் காது போவதும் இருக்கிறதாம். எட்டுத் தறி ஓடுகிற குடோனுக்கு யார் வந்து அளந்தார்கள்? அது போகட்டும். நீ இயர் பிளக் வை. மேடையில் மட்டும் இல்லை, ரூமில் பழகும்போதும் வை. டிரம்ஸ்காரப் பையனிடம் முதலில் கொடு.

இரண்டு மாதமாகக் காது மெஷின் வைத்திருக்கிறேன். தங்கச்சி உன் பழைய சிடியை அலமாரியில் கண்டெடுத்தாள். போட்டுக் கேட்க வீட்டில் பெட்டி இல்லை, செல்போன் கடையில் கொடுத்து போனில் ஏற்றி வாங்கினோம். ராத்திரி கரண்ட் போய்த் தறி எல்லாம் நின்றதும் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து கேட்டேன். கிட்டார் எனக்குத் தகரத்தில் தட்டுகிற மாதிரிதான் கேட்கிறது, பொய் சொல்ல மாட்டேன். இந்த மெஷின் பேச்சுக்காகச் செய்தது, பாட்டுக்குத் தனியாக மாற்றி அமைத்துத் தருகிறேன் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். ஆனால் வார்த்தை வந்தது. மூன்றாவது பாட்டு. "எங்கள் வீட்டில் கைதான் பேசும்" என்று ஆரம்பிக்கிறாய்.

நிறுத்திவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். தறிச் சத்தத்தில் நாங்கள் கையைக் காட்டித்தானே பேசிக்கொள்வோம். சோறு என்று வாயால் சொல்ல வருவதற்கு முன்னே நீ அஞ்சு விரலையும் குவித்துக் காட்டுவாய். நூல் அறுந்தது, தண்ணி கொண்டு வா, ஆள் வந்திருக்கு, எல்லாம் உனக்குக் கையால்தான் முதலில் தெரியும். அதையெல்லாம் எழுதியிருக்கிறாய். அந்தப் பாட்டைத்தான் காணோம் என்றேன். அம்மா அன்றைக்கே எல்லா வார்த்தையும் கேட்டிருக்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன், கேட்கவில்லை என்று தெரியாதே என்றாள்.

பாட்டை யாராவது கேட்டு வந்தால் வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதே. 2012ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள், எழுதினவனுக்கும் மெட்டுப் போட்டவனுக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. எழுதினவன் காலம் முடிந்த பிறகும் 60 வருஷத்துக்கு அது அவன் குடும்பத்துக்குச் சொந்தம். பேத்திக்கு நீ வைக்கிற தோட்டம் என்று நினைத்துக்கொள். நாலு பேரில் யார் எதை எழுதினீர்கள் என்று இப்போதே, சிநேகமாக இருக்கும்போதே எழுதி வையுங்கள். வேலையைப் பற்றி நான் கேட்கவில்லை என்று சொன்னேன். விட்டிருந்தாலும் சொல். திட்ட மாட்டேன்.

இயர் பிளக் வை.

ஒரு சந்தேகம். மூன்றாவது பாட்டு முடிகிற இடத்தில் எல்லாச் சத்தமும் நின்று, நீ மட்டும் தனியாக "நிற்கட்டும் அப்பா" என்று பாடி, அதோடு இன்னும் ஒரு வார்த்தை பாடுகிறாய். அது தறியா, சரியா? மெஷினைக் கூட்டி வைத்து ஏழெட்டுத் தடவை கேட்டுவிட்டேன். அம்மாவைக் கேட்டால் உங்கள் பையனையே கேளுங்கள் என்கிறாள். போனில் சொல்லாதே. போனில் நீ என்ன சொன்னாலும் எனக்குக் கேட்பதில்லை, அதனால்தான் இத்தனை நாள் சரி சரி என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். ஒரு தாளில் எழுதி, அந்தப் பையன் திரும்பி வரும்போது கொடுத்துவிடு.

அப்பா