டிகோடரின் நேரம் எங்கே போகிறது: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வு பெற்ற கையோடு மறுபடியும் ரேடியோவின் முன் உட்கார்ந்துவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். மகள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டதால் எனக்கு மாலைகளில் நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தையெல்லாம் நீ கேட்ட அதே எஃப்டி8 டிகோடர்தான், அதாவது அமெச்சூர் ரேடியோவில் மங்கலான சிக்னல்களிலிருந்து குறுஞ்செய்திகளைப் பிரித்தெடுக்கும் நிரல்தான், எடுத்துக்கொள்கிறது.

உன் பழைய கணினியில் விடை தாமதமாக வருகிறது என்று எழுதியிருந்தாய். எஃப்டி8-இல் ஒரு சுற்று 15 நொடி. சிக்னல் அரை நொடி தள்ளித் தொடங்கி 12.64 நொடி ஓடுகிறது. ஆக, அது முடிந்த பிறகு அடுத்த சுற்றுக்கு 2 நொடிகூட இல்லை. அதற்குள் திரையில் செய்தி வந்தாக வேண்டும். புதிய வகைப் பல்சரைக் கண்டறிந்ததற்காக 1993-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோ டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்குடன் சேர்ந்து 2017-இல் தந்த முறை இது. கணக்கிடும் பகுதியை ஃபோர்ட்ரான் மொழியில் வைத்தது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

டிகோடர் எங்கே நேரம் எடுக்கிறது என்று அளக்கும்போது அமைதியான நேரத்தில் பதிவு செய்த கோப்பை எடுக்காதே. நெரிசலான பதிவை எடு. ஒருங்கிசைவைத் தேடும் பகுதி, சிக்னல் இருக்கலாம் என்று ஐயப்பட்ட இடங்களையெல்லாம் பட்டியலிட்டுக் கொடுக்கிறது. உண்மையான, வலுவான சிக்னல் என்றால், பிழை திருத்தும் எல்டிபிசி டிகோடர் சில சுழற்சிகளிலேயே விடை கண்டு வெளியேறிவிடும். வெறும் இரைச்சல் என்றால் எல்லாச் சுழற்சிகளும் ஓடி, அதுவும் பலிக்காமல், ஓஎஸ்டி எனும் கனமான கூடுதல் தேடல் கட்டத்துக்கும் போய், கடைசியில் ஒன்றுமில்லை என்று திரும்பும். நேரத்தைத் தின்பவை பெரும்பாலும் சிக்னலே இல்லாத இடங்கள்தாம். டிகோட் ஆன சிக்னலைக் கழித்துவிட்டு மறுபடி தேடும்போது இதே கதை திரும்ப நடக்கிறது. ஆகவே எந்த சப்ரூட்டீன் (துணை நிரல்) நேரம் எடுக்கிறது என்பதோடு, அது எத்தனை முறை அழைக்கப்படுகிறது, அவற்றில் எத்தனை வீண் என்பதையும் எண்ணிப் பார்.

கருவி என்றால், டிகோடருக்குள்ளேயே டைமர் அழைப்புகள் இருக்கின்றன; அங்கிருந்து தொடங்கு. நிரலின் நேரத்தை அளக்கும் ஜிப்ரோஃப் கருவி நொடிக்கு நூறு முறை மட்டுமே எட்டிப்பார்க்கும். ஒரு நொடி ஓட்டத்தை வைத்து அது சொல்வதை நம்ப முடியாது. பல கோப்புகளை ஒரே ஓட்டமாகக் கொடு. ஃபூரியர் உருமாற்றம் செய்யும் எஃப்எஃப்டிடபிள்யூ பகிர்வு நூலகமாக இணைந்திருந்தால் அதற்குள் போகும் நேரம் ஜிப்ரோஃப் கண்ணில் படாது, லினக்ஸின் பெர்ஃப் கருவி காட்டிவிடும். பிறகு நிரலில் உள்ள எண் அணிகளைப் பார். ஃபோர்ட்ரான் நெடுவரிசையாக அடுக்குவதால் முதல் சுட்டெண்தான் உள் சுழற்சியில் ஓட வேண்டும். அணியின் ஒரு கிடைவரிசையை மட்டும் பழைய பாணி சப்ரூட்டீனுக்கு அனுப்பினால் கம்பைலர் சத்தமில்லாமல் தற்காலிகப் பிரதி எடுக்கும். அதைக் காட்டிக்கொடுக்கும் எச்சரிக்கை ஜிஃபோர்ட்ரான் கம்பைலரில் உண்டு.

இனி, நான் மிகவும் அக்கறைப்படும் இடத்துக்கு வருகிறேன். வேகப்படுத்திய டிகோடர் பழையதைப் போலவே கேட்கிறதா? கூட்டலின் வரிசையை மாற்ற கம்பைலருக்கு அனுமதி கொடுத்தால் கடைசி இலக்கங்கள் மாறும். எஃப்எஃப்டிடபிள்யூ வேகத்தை அளந்து திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையில் இருந்தால், இரண்டு ஓட்டங்களுக்கு இடையிலேயே அந்த மாற்றம் வரலாம். வலுவான சிக்னலுக்கு இதனால் எதுவும் ஆகாது. விளிம்பில் இருப்பது ஒன்று மறையும், வேறொன்று தோன்றும். அதனால் ஒரே கோப்பின் விடையை வரிக்கு வரி ஒப்பிட்டுத் தேர்ச்சி, தோல்வி என்று முடிவு கட்டுவதை நான் ஏற்பதில்லை. சோதனைச் சிக்னல்களை உருவாக்கும் எஃப்டி8சிம் நிரல் கொண்டு, சிக்னல்-இரைச்சல் விகிதம் மைனஸ் 21 டெசிபெல்லைச் சுற்றி ஒவ்வொரு அளவிலும் நிறையக் கோப்புகள் உருவாக்கு. அதே கோப்புகளைப் பழையதற்கும் புதியதற்கும் கொடுத்து, பழையது மட்டும் கண்டவை, புதியது மட்டும் கண்டவை என்று தனித்தனியாக எண்ணு. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் கவலையில்லை. ஒரு பக்கம் சாய்ந்தால் நீ எதையோ இழந்திருக்கிறாய், அல்லது அறியாமல் மேம்படுத்தியிருக்கிறாய்.

வெறும் இரைச்சல் கோப்புகளையும் சேர்த்துக்கொள். அவற்றில் வரும் ஒவ்வொரு செய்தியும் பொய். சரிபார்ப்புக்கு இருப்பது 14 பிட் மட்டுமே. தற்செயலாக அமைந்த ஒரு சொல் 16,384-இல் ஒரு முறை அதைத் தாண்டிவிடும். ஓஎஸ்டியை ஆழமாகத் தேடவிட்டால் இப்படி நுழைபவை கூடும். உணர்திறன் கூடியதாகக் கொண்டாடுமுன் இந்த எண்ணைப் பார்த்துவிட வேண்டும்.

எல்லை மீறும் சுட்டெண்களைப் பிடிக்கும் சோதனையோடு ஒரு முறை முழுத் தொகுப்பையும் ஓட்டிவிடு. மெதுவாகத்தான் ஓடும், ஓடட்டும்.

உன் பக்கம் நெரிசலான நேரத்துப் பதிவுகள் இருந்தால் சிலவற்றை அனுப்பு. என்னிடம் இருப்பவை எல்லாம் ஒரே ஆன்டெனாவில் எடுத்தவை. கணினியின் பிராசசர் எது, எந்தப் பதிப்பு ஜிஃபோர்ட்ரான் என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்